நிற்கிற லைன்

கடலோடு போய்விட்ட ஆம்பளைகள் சங்குமுனையில் போனை வைப்பதில்லை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் இவளுக்கு என்ன பைத்தியமா என்பதுபோல நம் முகத்தையே பார்க்கிறார்கள். அவர்கள் ஊரில் செத்தவன் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் நம்புவார்களாக்கும். எங்களுக்கு இது அம்மி, ஆட்டுக்கல் மாதிரி வீட்டோடு கிடக்கிற விஷயம். படகு போயிருக்கும், ஆள் போயிருக்கும், உடம்புகூடக் கரை ஒதுங்கியிருக்காது, ஆனால் அவன் கடைசியாகப் பேசிய லைன் மட்டும் அப்படியே நிற்கும், போனை எடுத்துக் காதில் வைத்தால் தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்கும், மூச்சுக் கேட்கும், நாம் எதைச் சொன்னாலும் எதைக் கேட்டாலும் கதை கேட்கிற பிள்ளை மாதிரி அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்த லைன்கள் எல்லாம் நிற்கிற இடம் எங்கள் மீனவர் சங்கத்து ஐஸ் பிளாண்ட். நான் அங்கேதான் டோக்கன் போடுகிறேன், பெயர் ஞானப்பூ. ஐஸ் கட்டி இறங்குகிற வாசலுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, அதற்குள் பீரோ மாதிரி ஒரு சர்வர். அதற்கு வெக்கை ஆகாது, குளிர் வேண்டும் என்றார்கள், குளிருக்கு எங்களை விட்டால் இந்தக் கடற்கரையில் யார் இருக்கிறார்கள், கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டார்கள். பல நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தங்கல் படகுகளின் கூரையில் ஒவ்வொரு தட்டு மாட்டி, தட்டிலிருந்து வானத்துக்குப் போய், வானத்திலிருந்து இந்த சர்வருக்கு வந்து, இதிலிருந்து அவரவர் வீட்டு போனுக்குப் பேச்சு போகிற மாதிரி ஏற்பாடு. செய்து கொடுத்தவள் டெல்பின், பள்ளிக்கூட மாஸ்டர் மகள், பட்டணத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவள். யூனிக்ஸ் அது இது என்று சொல்வாள், எனக்கு ஒன்றும் ஏறாது. கறுப்புத் திரையில் எழுத்து வரிசையாக ஓடும், அதைப் பார்த்து அவள் முகம் மாறும், அந்த முகத்தை வைத்து நான் நிலவரம் தெரிந்துகொள்வேன்.

முதலில் அவள் செய்து கொடுத்ததில், பேசி முடித்ததும் அமுக்குவதற்குச் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது, அதில் 'துண்டி' என்று எழுதியிருந்தது. வந்ததே வினை. கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கள் ஊரில் 'போ' என்று ஒருத்தியும் சொன்னதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம், அவன் மறதியாகப் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் அவனைப் பெற்றவள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து 'போயிட்டு வாறேன்' என்று அவன் வாயால் வரவழைக்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்ட ஊரில் துண்டி என்று எழுதிவைத்து, அதைப் பொம்பளைகள் கையாலேயே அமுக்கச் சொன்னால் சும்மா இருப்பார்களா. பிளாண்ட் வாசலில் மீன்கூடையோடு வந்து நின்று டெல்பினைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டார்கள். பிரகாசிதான் முன்னால் நின்றாள். டெல்பின் பயந்துபோய்த் துண்டியை எடுத்துவிட்டு, கடல் பக்கம் அமுக்க 'போயிட்டு வாறேன்', கரைப் பக்கம் அமுக்க 'போயிட்டு வா' என்று எழுதிக் கொடுத்தாள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளேயும் துண்டிக்கக் கூடாது என்றாள் பிரகாசி, அதையும் செய்தாள். வருகிறேன் என்று சொல்லிப் போனவனுக்கு சர்வர் கதவைத் திறந்தே வைத்திருக்கும், அவன் கரை சேர்ந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும். கரை சேராதவனுக்கு என்ன செய்யும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்போம்.

முதலில் நின்றது அந்தப் பிரகாசியின் புருஷன் பர்னபாஸ் லைன்தான். ஐப்பசிக் காற்றில் அவர் படகு போனது, தேடப் போனவர்கள் ஒரு டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பிரகாசி அழுது, விழுந்து, எழுந்து, முகம் கழுவி, என்ன நினைத்தாளோ போனை எடுத்து அவர் கடைசியாகப் பேசிய இடத்தை அமுக்கி, இப்படி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்றாள். அந்தப் பக்கம் "ம்" என்றது. அவள் மயங்கி விழவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அதை வடித்து வைத்துவிட்டு வந்து, மறுபடியும் போனை எடுத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அப்புறம் காற்றுக்குக் காற்று ஒவ்வொரு வீட்டில் நின்றது. ஊரும் பழகிவிட்டது, எதற்குத்தான் பழகாது இந்த ஊர். "எங்க வீட்ல லைன் நிக்கு" என்று ஒருத்தி சொன்னால் அவள் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்க வேண்டியதில்லை, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் போனை வைத்துச் சார்ஜரைச் செருகிவிட்டால் போதும், ஆள் வீட்டில் இருக்கிற கணக்குத்தான். கரண்ட் போனால் போன் அணைந்துவிடும் என்று எங்கள் ஜெனரேட்டருக்கு ஓடிவருவார்கள், ஐஸ் உருகினால் உருகட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டுச் செருகுவார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பாவிடம் போனில் கேட்பார்கள், "ம்" வந்தால் சம்மதம். அண்ணன் தம்பிகள் வலை பங்கு வைக்கும்போது பெரிய வலை எனக்குத்தானே என்று லைனில் நிற்கிற அப்பனிடம் மூத்தவன் கேட்டாலும் "ம்", இளையவன் கேட்டாலும் "ம்", கடைசியில் கிழவர் உயிரோடு இருந்தபோது எப்படி அடிதடியில் முடிந்ததோ அப்படியேதான் முடிந்தது. இதெல்லாம் பிசாசின் வேலை என்று பூசையில் முழங்கிய சாமியாரே ஒரு நாள் பிரகாசி வீட்டுக்கு வந்து, போனை வாங்கி, பர்னபாசு, நீ மோட்சத்தில்தான் இருக்கிறாயா என்று கேட்டார், "ம்" என்றது, சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நரகத்திலா என்று கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருக்கும், ஆனால் சாமியார் புத்திசாலி, அதைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கரையிலேயே குத்துக்கல் மாதிரி இருக்கிறார், எதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு "ம்" கிடையாது. அந்த விதத்தில் மற்ற பொம்பளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

இதில் வெந்து புழுங்கினவன் ஒருத்தன்தான், பிரகாசி மகன் கஸ்பார். அப்பன் போன கடலுக்கே அவனும் தங்கல் போனான், வேறு என்ன தெரியும் அவனுக்கு. வாயாடிப் பயல். ஒரு கேள்வி கேட்டால் ஊர்ப்பட்ட பதில் சொல்வான். சாப்பிட்டாயா என்று அவள் கேட்டால் என்ன மீன், யார் சமைத்தான், உப்பு எவ்வளவு கூடிப்போனது, அதற்கு யார் யாரைத் திட்டினான் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நீ சாப்பிட்டாயா என்று அவன் கேட்பதற்குள் பிரகாசி சிரித்துச் சிரித்து அழுதிருப்பாள். ஆனால் அவன் கூப்பிடுகிற நேரத்தில் பாதி நாள் அவள் அப்பனோடு பேசிக்கொண்டிருப்பாள். செத்த மனுசனோடு பேசுகிற நேரத்தில் என்னோடு பேசேன் அம்மா என்று அவன் கத்துவான், அவரைச் செத்தவர் என்று சொன்னதற்காக இவள் அழுவாள், அவனே சமாதானமும் பண்ணுவான்.

அப்புறம் லைன் கிடைக்காமல் போக ஆரம்பித்தது. சர்வருக்குள் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், நிற்கிற லைன்கள் அந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன, உயிரோடு இருக்கிறவன் கடலிலிருந்து கூப்பிட்டால் 'எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன' என்று டெல்பின் பதிந்து வைத்த குரலே டெல்பினுக்கு எதிராகச் சொன்னது. அவளும் பண்ணாத வேலை இல்லை. லைனைக் கொல்வதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை இருக்கிறது, அதை அடித்தாள், ஆயிற்று என்று திரை சொன்னது, லைன் என்னவோ போகாமல் அப்படியே நின்றது. சர்வரையே அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். உலகத்தில் எந்த சர்வரையும் அணைத்துப் போட்டால் உள்ளே நின்றதெல்லாம் போய்விடுமாம், இங்கே திரை வெளிச்சம் வந்ததும் பர்னபாஸ் முதல் ஆளாக நின்றார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக. அந்த வரிசைக்கு எதிரே ஒவ்வொன்றுக்கும் 'குளோஸ் வெயிட்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்து ஆளு முடிச்சிட்டாரு அத்தை. முடிச்சிட்டேன்னு சொல்லியும் விட்டுட்டாரு," என்றாள் டெல்பின். "நாமதான் இன்னும் சரின்னு சொல்லல. அதுக்காகத்தான் நிக்கு."

டோக்கனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

வழி என்னவென்று கடைசியில் ரெஜினா வாயிலிருந்துதான் தெரிந்தது. ரெஜினா புருஷன் லைனில் அவன் தம்பி வந்து, பின்கட்டு எனக்குத்தானே என்று கேட்க, அது "ம்" என்று சொல்லித் தொலைக்க, ரெஜினாவுக்கு ஆத்திரம் தலைக்கேறி, உயிரோடு இருந்தபோதும் உன் தம்பிக்குத்தான் ஆடினாய், செத்தும் அவனுக்குத்தானா, "போய்த் தொலை" என்று கத்திவிட்டாள். அந்த நிமிஷமே திரையில் ஒரு வரி இல்லாமல் போனது, டெல்பின் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா போனைத் தட்டினாள், குலுக்கினாள், நெஞ்சில் வைத்து அடித்துக்கொண்டாள், ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் அவள் தாலி கழுத்தில் இல்லை. வீட்டு ஆள் வாயிலிருந்து 'போ' என்று வந்தால்தான் போகும் என்று அப்படித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம், தெரிந்து என்ன பிரயோசனம்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நிற்கிற லைன்களை எடுத்தே ஆக வேண்டும் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள், அதே கையை இறக்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டு லைனை விட்டுவிட்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். பெரிய சர்வர் வாங்கலாம் என்றார் சங்கத் தலைவர். எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் கடல் நிரப்பிவிடும் என்றாள் டெல்பின். கடல் கொஞ்சம் அடங்கட்டும், காற்றுக்காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அலை எப்போது ஓய, தலை எப்போது முழுக என்று நான் கேட்டேன், எங்கள் வீட்டில் லைன் நிற்கவில்லை, அதனால் எனக்கு வாய் நீளும். உங்கள் வீட்டிலிருந்து எவன் கடலுக்குப் போனான் என்று டெல்பினை ஒருத்தி கேட்டாள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரகாசியைப் பார்த்தார்கள். முதல் லைன் அவளுடையது, அவள் விட்டால் ஊரே விடும்.

"கடல் கொண்டு போச்சுன்னே இருக்கட்டும்," என்றாள் பிரகாசி. "என் வாய் கொண்டு போச்சுன்னு ஆக வேண்டாம்."

கூட்டம் கலைந்தது. கஸ்பார் அந்த மைதானத்திலேதான் நின்றான், எனக்கு ஒரு லைன் விடேன் அம்மா என்று பாதி விளையாட்டாகக் கேட்டான், அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள். அடுத்த நாள் விடியற்காலம் போயிட்டு வாறேன் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத் தங்கலுக்குப் போனான்.

கார்த்திகை பிறந்ததும் அந்தக் காற்று வந்தது. வருகிறது என்று ரேடியோ சொல்லி, டீவி சொல்லி, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, பக்கத்தில் கிடந்த படகுகள் எல்லாம் அடித்துப்பிடித்துத் திரும்பி வந்துவிட்டன. கஸ்பார் படகு மட்டும் தூரத்தில், வயர்லெஸ் எட்டாத இடத்தில் கிடந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து திரும்புகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்வதற்கு இருந்தது எங்கள் சர்வர் ஒன்றுதான், சர்வரில் ஒரு இடம் காலி இல்லை. தேடக் கப்பல் கேட்டோம், காற்று குறைந்தால்தான் கப்பலே கிளம்ப முடியும் என்றார்கள், அதுவும் நியாயம்தான். டெல்பின் திரையைக் காட்டினாள். ஒரு வரி வந்தது, இடமில்லாமல் திரும்பிப் போனது, மறுபடியும் வந்தது.

"கஸ்பார் அண்ணன்தான் அத்தை, வெளிய நின்னு தட்டுறாரு," என்றாள்.

டோக்கன் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அவளோடு நானும் ஓடினேன். மத்தியான வெளிச்சம் சாம்பல் பூத்துக்கிடந்தது, மண் கண்ணில் அடித்தது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஒரே ஒரு லைன், ஒரே ஒரு ஆளைப் போகச் சொல்லுங்கள், கடலில் ஒரு பிள்ளை நிற்கிறான் என்று கெஞ்சினோம். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி திறந்து, பக்கத்து வீட்டில் கேட்டாயா என்றாள். ஒருத்தி போனைச் சேலைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, லைன் நேற்றே போய்விட்டது என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாள், அவள் மடிக்குள்ளிருந்து "ம்" என்று கேட்டது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ரெஜினா மட்டும்தான் எங்களோடு ஓடி வந்தாள், கதவு கதவாக விழுந்து கும்பிட்டாள், நீ உன் புருஷனைக் கொன்றவள்தானே என்று ஒரு வீட்டில் சொன்னார்கள், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கதவைத் தட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தெருவையே கொளுத்தியிருப்பேன்.

பிரகாசி வீட்டுக்கு நாங்கள் கடைசியில்தான் போனோம். பெற்றவளிடம் போய்ப் பிள்ளைக்காகப் புருஷனைக் கொடு என்று கேட்க எங்கள் மூன்று பேருக்கும் நாக்கு எழவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் மாடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், போன் கையில் இருந்தது, அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: காற்றைப் பற்றி, பையனைப் பற்றி, ஊர்க்கூட்டத்தில் தான் சொன்னதைப் பற்றி. எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் "ம்", "ம்" என்று வந்துகொண்டிருந்தது. டெல்பின் திரையைப் பார்ப்பதற்காகப் பிளாண்டுக்கு ஓடினாள், என் போனில் என்னோடு பேச்சில் இருந்தாள்.

பிரகாசி என்னைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து சொன்ன வாய், வேறு எப்படி வரும். லைன் இன்னும் போகாமல் நிற்கிறது என்றாள் டெல்பின். பிரகாசி மறுபடியும் சொன்னாள், மறுபடியும் "போயிட்டு வாங்க" என்றுதான் வந்தது, தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ரெஜினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"கஸ்பாரு வாசல்ல நிக்கான்," என்றாள் பிரகாசி. "நீங்க போங்க. இனிமே வர வேண்டாம்."

"ம்" என்றது. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் நின்றது. அந்த வீட்டில் அத்தனை காலமாக அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

போய்விட்டது என்று டெல்பின் சொல்லி முடிக்கவில்லை, பிரகாசி கையில் போன் அடித்தது. கஸ்பார் படம் திரையில் சிரித்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே ஓடி வந்துவிட்டது, கதவைத் திறக்காதவள், சத்தியம் பண்ணினவள், எல்லாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, லைன் கிடைத்துவிட்டது, பிரகாசிக்கு லைன் கிடைத்துவிட்டது, கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். பிரகாசி கத்தினாள், மேற்கே ஓடி வா மக்கா, காற்று கிழக்கிலிருந்து திரும்புகிறது, எல்லாவற்றையும் அறுத்துவிட்டு வா, கேட்கிறதா. என் காதில் இருந்த போனில் டெல்பின் மூச்சு வாங்குகிறது தெரிந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "அத்தை, இதுக்கும் குளோஸ் வெயிட்னுதான் போட்டிருக்கு."

நான் போனை அணைத்தேன். அவனுக்கு எப்போது முடிந்தது, வாசலில் நின்று தட்டியபோதா, நாங்கள் தெருவில் கெஞ்சியபோதா, அம்மாவின் வாயில் அந்தச் சொல் வராமல் கிடந்தபோதா என்று அந்தத் திரை சொல்லாது. பிரகாசியிடம் நான் எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கேட்கிறதா என்று அவள் கேட்டதற்கு, ஊர்ப்பட்ட பதில் சொல்கிற அந்தப் பயல் "ம்" என்றான்.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் அழவில்லை, துக்கம் கேட்கவில்லை, அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, அவரவர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும், தெருவே "ம்", "ம்" என்று கேட்டது. இனிமேல் இந்த ஊரில் எவளும் 'போ' என்று சொல்லப்போவதில்லை, எந்தப் படகுக்கும் லைன் கிடைக்கப்போவதில்லை. டெல்பின் நனைந்துபோய் ஓடி வந்து வாசற்படியில் நின்றாள். ரெஜினா அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள்.

பிரகாசி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். குளிருகிறதா என்று கேட்டாள். கூட யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஒங்க அப்பாவ வர வேண்டாம்னு சொல்லிட்டேன் மக்கா. ஒனக்கு வழி விடத்தான் சொன்னேன். நான் செஞ்சது தப்பாடா?"

"ம்" என்றான் கஸ்பார்.